தூண்டில்காரன் பேச பதினோரு விநாடி

பூந்தா அரேனாஸில் காற்று மாதங்களில்
மனிதர் பிடித்து நடக்க
வீதியோரம் கயிறு கட்டுவார்கள்.
ஒரு கை கயிற்றில், மறுகை பெட்டியின் அடியில்
நானும் யாஸ்னாவும் தூக்கிவந்தோம்
மூடிப்போன ஓட்டலின் முதுகு பருத்த தொலைக்காட்சியை.

புதிய திரைகள் தாமதிக்கின்றன என்றாள்.
எவ்வளவு?
கண் சிமிட்டுவதில் பத்தில் ஒரு பங்கு.
படியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
அதைவிடக் கொஞ்சம் அதிகநேரம்
அவளையே பார்த்தேன்.

நானும் விளையாடுகிறவன்தான்.
நீரிணையைக் கடக்கும் படகில் டிக்கெட் கிழிக்கிறேன்.
போர்வெனீருக்கு இரண்டேகால் மணி நேரம்.
லாரிக்காரர்கள் தூங்கியதும் போனை எடுத்து
மிட்டாய் நிறத்தில் எதையாவது உடைப்பேன்.
தோற்றுப்போனால்
ஜன்னலுக்கு வெளியே டால்பின் தெரிகிறதா என்று பார்ப்பேன்.
தெரியும், சில நாள்.

அவளுக்கு ஒரே ஆட்டம், ஒன்பது வருடமாக.
அதை முடித்து
எட்டு வருடம் பதினோரு மாதம் ஆகிறது.

விடிகாலையில் ரொட்டிக்கடை.
மாவு உலர்ந்த கட்டைவிரலில் பிளாஸ்திரி.
மேசைமேல் கோடு போட்ட நோட்டு,
ஓட்டத்துக்கு ஒரு வரி,
செத்த இடம், செத்த காரணம்:
மணிக்கூண்டு. அவசரம்.
மணிக்கூண்டு. பயம்.
மணிக்கூண்டு. தும்மல்.

அந்த மணிக்கூண்டில் ஒரு மூலை இருக்கிறது.
சுவருக்கு முதுகைக் காட்டி
நொடியில் அறுபதில் ஒரு துண்டைப் பிடித்து எகிறினால்
சுவர் ஆளை உள்ளே விட்டுவிடும்.
ஆட்டத்தைச் செய்தவர்கள்
கவனிக்காமல் விட்ட தையல் பிரிவு.
அதில் நுழையப் பழக
நாலாயிரத்துச் சொச்சம் தடவை சுவரில் மோதியிருக்கிறாள்.
நான் எண்ணவில்லை. நோட்டு எண்ணியிருக்கிறது.

சலிக்காதா என்று கேட்டேன் ஒருமுறை.
மாவு பிசையும்போது
யாரும் என்னை இப்படிக் கேட்பதில்லையே, என்றாள்.
கோபமாக இல்லை. யோசித்துத்தான்.

அக்டோபரில் ஓர் இரவு
எல்லாம் கூடி வந்தது.
மணிக்கூண்டு திறந்தது, பாலம் காத்திருந்தது,
ஓநாய்கள் சொல்லிவைத்தாற்போல் விலகின.
இந்த வேகத்தில் உலகத்தில் யாரும் போனதில்லை என்று
அவள் சொல்லவில்லை.
அவள் மூச்சு விடாததில் எனக்குத் தெரிந்தது.
என் சூப்புக் கரண்டி பாதிவழியில் நின்றது.
கடைசி அறை. கதவு. கதவின் பிடிகூடத் தெரிகிறது.

கூரைத் தகரம் ஒருமுறை உறுமியது.
ஊரே அணைந்தது.
திரையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி
சுருங்கிச் சுருங்கி
போக மனமில்லாமல் போனது.

நானாக இருந்தால் கையிலிருப்பதை வீசியிருப்பேன்.
இல்லை, பொய்.
நாளை பார்க்கலாம் என்று படுத்திருப்பேன்,
நாளை வேறேதோ பார்த்திருப்பேன்.
அவள் தீக்குச்சியைத் தடவி எடுத்து
மெழுகுவர்த்தி ஏற்றி
நோட்டைத் திறந்தாள்.
கடைசி அறை. காற்று.
முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தாள்.

இருட்டில் ஏதாவது பேசவேண்டும்போல் இருந்தது.
ஏரிக்கரையில் ஒருத்தன் இருப்பானே தூண்டிலோடு, என்றேன்.
அவள் வேலைக்குப் போன ஒரு ஞாயிறு
நானும் அந்த ஆட்டத்துக்குள் போயிருந்தேன்.
ஏரியில் நாரைகள் இறங்கின.
எங்கேயும் போகாமல் சாயங்காலம்வரை நின்றிருந்தேன்.

தெரியும், என்றாள். முதுகு மட்டும்.
நின்று பேசினால் பதினோரு விநாடி போய்விடும்.

மெழுகு சொட்டியது.

என்ன சொல்வான்?

நான் யோசித்தேன்.
பொத்தானை அமுக்கி அமுக்கி
அவன் வாயை நான்தான் ஓட்டிவிட்டிருந்தேன்.
ஏதோ மழையைப் பற்றி, என்றேன்.
மீனைப் பற்றியாகவும் இருக்கலாம்.

பதினோரு விநாடியைக் கையில் வாங்கி
வழியில் தொலைத்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.

மூன்று மணிக்குக் குளிர்பெட்டி முதலில் இருமியது.
அவள் பழைய பிளாஸ்திரியை உரித்து
புதியதைச் சுற்றினாள்.
கடைக்குப் போக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.
கடிகாரம் சுழியத்திலிருந்து கிளம்பியது.

ஏரிக்கரை வந்தது.
நான் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாரைகள், நாணல், அவன் முதுகு.
நிற்கவில்லை.